மல்லாட்டை தின்னாத குரங்கு

சிங்கத்துக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தாலும் கோயம்புத்தூர்த் தமிழில் பேச வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஆனால் டிவியில் பேசியது.

"ஏனுங் அம்மணி, இன்னைக்கு மானு லீவுங்களா?" என்று ஆண் சிங்கம் கேட்டது.

"நீங்களே போய்ப் பாருங்க. எனக்குக் காலு வலிக்குதுங்க" என்றது பெண் சிங்கம்.

திண்டிவனத்தில் ஒரு சின்னத் தெருவின் கடைசி வீட்டில், கோபி தரையில் உருண்டு உருண்டு சிரித்தான். அவனுக்கு ஆறு வயது. அவனுடைய அக்கா கலைமதிக்குப் பத்து வயது. அம்மா தையல்நாயகி பூண்டு உரித்துக்கொண்டே சிரித்தாள். அப்பா விழுப்புரத்தில் பஸ் ரிப்பேர் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தார். இல்லாவிட்டால் அவரும் சிரித்திருப்பார்.

நிகழ்ச்சியின் பெயர் 'காட்டு வம்பு'. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வரும். எவனோ ஒருவன் காட்டில் வெயிலில் வெந்து, மாதக்கணக்கில் காத்துக் கிடந்து படம் எடுப்பான். நாலு பேர் குளுகுளு அறையில் உட்கார்ந்து அதற்குப் பேச்சு வைப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கோபிக்கு அது தெரியாது. மிருகங்களே பேசுகின்றன என்றுதான் அவன் நினைத்தான்.

அடுத்ததாக ஒரு குரங்கு வந்தது. பல்லைக் காட்டியது. "ஹெஹெஹே, வேர்க்கடலை இருந்தா குடுங்க சார்" என்றது.

"அக்கா, வேர்க்கடலைன்னா இன்னா?"

"மல்லாட்டைதான்டா."

"அப்ப ஏன் மல்லாட்டைன்னு கேக்கல?"

"அதுக்குப் பேச்சு குடுக்கறவங்க நம்ம ஊருக்கு வந்ததில்ல."

கோபிக்கு இது திருப்தியாக இல்லை. திண்டிவனத்துக்கு வராமல் ஒரு குரங்கு இருக்க முடியுமா என்று யோசித்தான்.

நிகழ்ச்சி முடியும்போது ஒரு பெண் வந்து பேசினாள். நீங்களே ஒரு மிருகத்தைப் படம் எடுங்கள், ஒரு நிமிஷம் போதும், நீங்களே குரல் கொடுத்து அனுப்புங்கள், நல்லதாக இருந்தால் அடுத்த வாரம் டிவியில் காட்டுவோம் என்றாள். கடைசி நேரம் இன்று இரவு எட்டு மணி.

கலைமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு குரங்கு இருந்தது.

அவளுடைய குரங்கு என்று சொல்ல முடியாது. அது அடுத்த வீட்டு மொட்டை மாடியில் இருந்தது. அடுத்த வீடு சவுரிராயன் வீடு. மல்லாட்டை வியாபாரம் செய்கிறவர். மூட்டை மூட்டையாக வாங்கி வந்து மாடியில் கொட்டிக் காயவைப்பார். முந்தாநாள் அங்கே ஒரு தாய்க் குரங்கு வந்தது. வயிற்றில் ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் கலைமதி அம்மாவின் போனில் அதைப் படம் எடுத்திருந்தாள். ஆனால் அது இருபது நொடிதான். அதிலும் பாதி நேரம் போன் ஆடியது.

"இன்னொரு தடவ எடுக்கணும்மா" என்றாள் கலைமதி.

"சீக்கிரம் எடு. சாயங்காலம் அது இருக்காது" என்றாள் அம்மா. "சவுரிராயன் வெடி வாங்கி வெச்சிருக்காரு."

உண்மைதான். நேற்று ராத்திரி முழுக்க அந்தக் குரங்கு மாடியில் தொம் தொம் என்று குதித்திருந்தது. சவுரிராயன் காலையில் சிவந்த கண்ணோடு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஒரு நிமிஷம் தூங்க விடல. பெரிய பேஜாரா போச்சு. கோயிலுக்குப் போய்ட்டு வந்து நாலு மணிக்குச் சரவெடி கொளுத்தறேன். ஓடுற ஓட்டத்துல செஞ்சி போய்த்தான் நிக்கணும்."

அவருடைய மனைவி முனியம்மாள் கோலப் பொடியைக் கையிலிருந்து தட்டினாள். "நீ எங்க தூங்காம இருந்த? உன் கொறட்டைய கேட்டுத்தான் அது குதிச்சிருக்கும்."

அது ஆடி மாதம். தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். ஒலிபெருக்கி காலை ஐந்து மணியிலிருந்தே பாடிக்கொண்டிருந்தது. ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழ வேண்டுமானால் கத்த வேண்டும்.

கலைமதி தன் வீட்டு மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரின் மேல் போனை வைத்துக்கொண்டாள். இந்த முறை ஆடவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் எடுத்தாள். குரங்கு நடந்தது, உட்கார்ந்தது, வாயைத் திறந்தது, பல்லைக் காட்டியது. எல்லாம் பிரமாதமாக வந்தது.

சத்தம் மட்டும் உதவாது. படத்தில் கேட்டதெல்லாம் அம்மன் பாட்டு.

பரவாயில்லை. குரல் அவள்தானே கொடுக்கப்போகிறாள். சத்தத்தை அணைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். குரங்கு வாயைத் திறந்தால் ஒரு கோடு. மூடினால் ஒரு புள்ளி. கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குப் பேச்சு எழுத வேண்டும். கோடு சின்னதாக இருந்தால் 'யோவ்' போதும்.

முதல் கோட்டுக்கு எழுதினாள். படித்தும் காட்டினாள்.

"யோவ் மல்லாட்டைக்காரரே, உப்பு போட்டு வறுத்து வெக்கக் கூடாதா?"

கோபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னொண்ணு சொல்லுக்கா."

"பல்லு வலிக்குது, தோலு உரிச்சிக் குடுய்யா."

அதற்கும் சிரித்தான். ஆனால் கலைமதி சிரிக்கவில்லை. பேச்சு வாய்க்குப் பொருந்தியது. படத்துக்குப் பொருந்தவில்லை. எங்கேயோ இடித்தது.

மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் தெரிந்தது. குரங்கு மல்லாட்டைக் குவியலின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. காலுக்குக் கீழே மல்லாட்டை. வாலுக்குக் கீழே மல்லாட்டை. ஆனால் ஒரு காயைக்கூட அது எடுக்கவில்லை.

"கோபி, இது ஏன்டா தின்னல?"

"வயிறு ரொம்பிருக்கும்."

"ரொம்புனாலும் குரங்கு வாய்ல அடக்கி வெச்சிக்கும். கன்னம் உப்பியிருக்கும். பாரு, ஒட்டிப் போயிருக்குது."

கோபி பார்த்தான். "சிரிக்குதுக்கா. பல்லக் காட்டுது பாரு."

கலைமதி அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். நன்றாக உற்றுப் பார்த்தாள். வாய்தான் சிரிப்பதுபோல் இருந்தது. கண் சிரிக்கவில்லை. கையால் வாயை மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பார்த்தாள். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் கோபி கொஞ்ச நேரம் காணாமல் போனபோது அம்மாவின் கண் இப்படித்தான் இருந்தது.

"இது சிரிப்பு இல்லடா" என்றாள்.

"டிவில சிரிச்சுதே?"

"டிவில சிரிச்சது குரல் குடுத்த ஆளு. குரங்கு இல்ல."

இது கோபிக்குப் பெரிய செய்தி. "அப்ப சிங்கம்?" என்று கேட்டான்.

"சிங்கமும்தான்."

அவன் முகம் தொங்கிப் போனது. அவனைச் சமாதானப்படுத்த அப்போது நேரமில்லை. கலைமதி நோட்டில் புதுப் பக்கம் புரட்டினாள். இந்த முறை வாயை விட்டுவிட்டாள். குரங்கு எங்கே பார்க்கிறது என்று குறித்தாள்.

ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் அது ஒரே பக்கம்தான் பார்த்தது. மாடியின் மூலையில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி. தண்ணீர் பிடிப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. மேலே ஒரு கனமான கல் மூடி. மூடியின் ஒரு மூலை உடைந்து, இரண்டு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. படத்தின் நாற்பதாவது நொடியில் குரங்கு அங்கே போய், தோள்வரை கையை உள்ளே விட்டு எதையோ துழாவியது. வெறுங்கையோடு எடுத்தது. பிறகுதான் பல்லைக் காட்டியது.

கலைமதி நேற்று எடுத்த படத்தைப் போட்டாள். ஆடுகிற படம்தான். ஆனாலும் வயிற்றில் குட்டி தொங்குவது நன்றாகத் தெரிந்தது. கன்னம் இரண்டும் மல்லாட்டையால் உப்பியிருந்தன.

இன்று எடுத்த படத்தைப் போட்டாள். வயிறு வெறுமையாக இருந்தது.

"குட்டி எங்கக்கா?" என்று கோபி கேட்டான். "ஸ்கூலுக்குப் போயிருக்குமா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடா" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது.

கோபியையும் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்கு ஓடினாள். சவுரிராயன் கோயிலிலிருந்து வந்துவிட்டிருந்தார். நெற்றியில் குங்குமம், ஒரு கையில் கூழ்ச் சொம்பு, இன்னொரு கையில் சரவெடி. முனியம்மாளிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, வெடி கொளுத்தாதீங்க" என்று கலைமதி கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் கத்தத்தான் வேண்டியிருந்தது. "குட்டி தொட்டிக்குள்ள விழுந்துடுச்சி. அதான் குதிச்சிக்கினு இருக்குது."

"யாரு சொன்னாங்க?"

"குரங்குதான்."

சொன்ன பிறகுதான் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

சவுரிராயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரம் டிவில ஒரு யானை ஆட்டோ கூப்புடுச்சி. அதுக்கும் நான் போய் ஆட்டோ புடிச்சிக் குடுக்கணுமா? அது மல்லாட்டைக்கு வந்திருக்குது பாப்பா. நான் முப்பது வருஷமா மல்லாட்டை பாக்கறேன், முப்பது வருஷமா குரங்கு பாக்கறேன். வழிய வுடு."

"டிவி இல்ல பெரியப்பா. இத சத்தம் இல்லாம பாருங்க. ஒரு நிமிஷந்தான்."

"எனக்கு நேரமில்ல."

"இங்க நின்னு பேசறதுக்கு நேரம் இருக்குது. அத்தப் பாக்கறதுக்கு இல்லியா?" என்றாள் முனியம்மாள். தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பாத்துட்டு வாங்கிக்கோ."

சவுரிராயன் போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முதலில் சலிப்பாகத்தான் பார்த்தார். பிறகு சலிப்புப் போய்விட்டது. படம் முடிந்ததும், "திருப்பிப் போடு" என்றார். மறுபடியும் பார்த்தார்.

"மல்லாட்டை மேலயே ஒக்காந்துக்கினு இருக்குது" என்றார்.

"ஆமா பெரியப்பா."

"தொடவே இல்ல."

"ஆமா."

"மல்லாட்டை தின்னாத குரங்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இப்படி ஒரு சரக்கை அவர் மண்டியில்கூடப் பார்த்ததில்லை. கூழ்ச் சொம்பையும் சரவெடியையும் கோபியின் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

மாடிக் கதவை அரையளவு திறந்தார்கள். தொட்டி கதவிலிருந்து ஏழெட்டடி தூரத்தில் இருந்தது. தாய்க் குரங்கு அதன் மேல் நின்றுகொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் முடி சிலிர்த்து, எல்லாப் பல்லையும் காட்டியது.

அந்த நேரத்தில் கோயில்காரர்கள் பாட்டை மாற்றினார்கள். ஒரு நாலு நொடி ஊரே அமைதியாக இருந்தது. அந்த நாலு நொடியில் தொட்டிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

கீ... கீ...

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. சவுரிராயன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"கடப்பாறை எடுத்துக்கினு வர்றேன். மூடிய நெம்பித் தள்ளிட்டா முடிஞ்சிது."

"கிட்ட போனா கடிச்சிடும் பெரியப்பா. மூடி உள்ள விழுந்துட்டா குட்டி மேலயே விழும்" என்றாள் கலைமதி.

"அப்ப இன்னா பண்ணலான்ற?"

கலைமதி யோசித்தாள். குட்டி விழுந்த ஓட்டை அங்கேயேதான் இருக்கிறது. உள்ளே போனது வெளியேயும் வரும். சுவர் வழுக்குவதால்தான் ஏற முடியவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் போதும். நேற்றைய படத்தில் அது தாயின் முடியை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தது.

"பெரியம்மா, உங்க வீட்ல முருங்கக்கா பறிக்கிற தொரட்டி இருக்குது இல்ல? அதோட நுனில ஒரு பழைய புடவ கட்டி, இங்க இருந்தே ஓட்டைக்குள்ள தள்ளி வுடலாம். அது புடிச்சிக்கினு ஏறிடும்."

"நல்லாதான் சொல்ற. புடவ எதுக்கு? கொடில இவரு வேட்டி காயுது" என்றாள் முனியம்மாள்.

"அது நல்ல வேட்டி" என்றார் சவுரிராயன்.

"என் புடவ மட்டும் கெட்டதா?"

வேட்டிதான் வந்தது. அதைக் கயிறுபோல் முறுக்கி, இடையிடையே முடிச்சுப் போட்டு, துரட்டியின் கொக்கியில் கட்டினாள் கலைமதி. சொம்பையும் வெடியையும் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, போனைக் கோபியிடம் கொடுத்தாள். "அசையாம எடுடா. குரங்கத்தான் எடுக்கணும்."

சவுரிராயன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு துரட்டியை நீட்டினார். முறுக்கிய வெள்ளை வேட்டி ஒரு வால்போல ஆடிக்கொண்டு போனது. தாய்க் குரங்கு ஒரு தாவல் பின்னால் போய்ச் சீறியது.

"நேரா போங்க பெரியப்பா. கொஞ்சம் எடது பக்கம்."

"எடதுதான் போறேன்."

"அது வலது" என்றாள் முனியம்மாள்.

"நீ சும்மா இரு. தொரட்டி ஆடுது."

மூன்றாவது முயற்சியில் வேட்டியின் நுனி ஓட்டைக்குள் விழுந்தது. துரட்டியை அப்படியே மூடியின் மேல் வைத்தார்.

"இப்ப கதவ மூடிடலாம்" என்றாள் கலைமதி.

"மூடிட்டு?"

"நம்ம இருந்தா அது வராது. நமக்குப் பயப்படுது."

கதவை மூடினார்கள். சந்தில் ஒருவர் மேல் ஒருவராகக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. வேட்டி தொங்கியது. தாய்க் குரங்கு மெதுவாகத் திரும்பி வந்து அதை முகர்ந்தது. சவுரிராயன் கால் மரத்துப்போய் முனகினார்.

வேட்டி அசைந்தது.

கொஞ்சம் நின்றது. மறுபடி அசைந்தது. ஓட்டையில் முதலில் ஒரு கறுத்த சின்ன விரல் தெரிந்தது. பிறகு தூசி படிந்த தலை. பெரிய பெரிய காது. அவ்வளவுதான். தாய் ஒரே பிடியில் அதை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டது. கழுத்து, காது, முதுகு என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. குட்டி முகத்தைப் புதைத்துக்கொண்டு அசையவே இல்லை.

பிறகு தாய்க் குரங்கு சுற்றுமுற்றும் பார்த்தது. மல்லாட்டைக் குவியலைப் பார்த்தது. இறங்கி வந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாயில் திணிக்க ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் உப்பின. அப்படியும் நிறுத்தவில்லை.

"ஏய், ஏய்" என்று சவுரிராயன் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். "போதும், போ. வெதைக்கு வெச்சிருக்கறது. எடத்தக் காலி பண்ணு. அந்தப் பக்கம் தொட்ட, அவ்ளோதான்."

குரங்கு இன்னும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு சுவர் தாவிப் போய்விட்டது.

சவுரிராயன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அது போன திசையைப் பார்த்தார். "இப்பத்தான் அது குரங்கு" என்றார். அவருக்கு ஏதோ ஒன்று சரியான இடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. கீழே போய்ப் பலகை கொண்டுவந்து தொட்டியின் ஓட்டையை அடைத்தார்.

சாயங்காலம் கலைமதி கோபி எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"குரங்க எடுடான்னா நீ யார எடுத்திருக்க?"

படம் முழுக்கச் சவுரிராயனின் முதுகு. துரட்டி பிடித்த கை. முனியம்மாளின் வாய். கலைமதியின் பின்னல். கதவை மூடிய பிறகு கோபி சந்தில் போனை வைத்து எடுத்த கொஞ்சத்தில் மட்டும் குரங்குகள். கடைசியில் மறுபடியும் சவுரிராயன், கையை ஆட்டிக்கொண்டு.

"அவங்கதான் பேசிக்கினு இருந்தாங்க. குரங்கு ஒண்ணும் பேசல" என்றான் கோபி.

கலைமதி அவனைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். நோட்டை எடுத்தாள். சவுரிராயன் வாய் திறந்த இடத்தில் கோடு, மூடிய இடத்தில் புள்ளி.

"டேய் கோபி, உனக்குக் கீச் கீச்னு கத்த வருமா?"

அந்த வேலைக்கென்றே பிறந்தவன்போல அவன் கத்திக் காட்டினான்.

ஏழரை மணிக்கு எல்லோரும் கலைமதி வீட்டில் கூடினார்கள். விழுப்புரத்திலிருந்து அப்பாவும் வந்துவிட்டார். கலைமதி போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

படத்தில் சவுரிராயன் துரட்டியோடு வாயைத் திறந்தார். "கிர்ர்ர்... கீச், கீச்" என்றார். முனியம்மாள் "க்கூ, க்கூ, கீச்" என்று பதில் சொன்னாள். கலைமதி "கீ" என்றாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் கீச் கீச் என்று சண்டை போட்டார்கள். பிறகு தாயும் குட்டியும் வந்தார்கள். அந்த இடத்தில் குரல் இல்லை, பாட்டும் இல்லை. தாய் குட்டியின் காதைப் புரட்டிப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் சவுரிராயன் ஓடி வந்து கையை ஆட்டி "கீச்" என்றார். படம் முடிந்தது.

முனியம்மாள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. சவுரிராயன் மட்டும் சிரிக்கவில்லை. கோபி அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"இதுல ஒரு தப்பு இருக்குது" என்றார் சவுரிராயன்.

"இன்னா பெரியப்பா?" என்று கலைமதி பயந்துகொண்டே கேட்டாள்.

"கடைசில நான் எவ்ளோ திட்டுனேன்? அதுக்கு ஒரே ஒரு கீச்சா? பாக்கறவங்க என்ன இன்னா நெனைப்பாங்க? நாலு கீச்சாவது போடுங்க. ஜல்தி, மணி எட்டாகப் போவுது."

கோபி அம்மாவின் பின்னாலிருந்து வெளியே வந்தான். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான். ஐந்து போட்டான்.